எழுதிய கை

எங்கள் ஊர் நாசரேத்துக்குப் பக்கத்தில். கோயில் ஆராதனை இன்றைக்கும் பழைய ஜெபப் புத்தக முறைப்படிதான் நடக்கும். எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் புத்தகம் முழுக்க மனப்பாடம். பாதிரியாரான ஐயர் ஒரு வரியை ஆரம்பித்தால் அடுத்த வரி ஆச்சியின் வாயிலிருந்து தானாக வரும். ராத்திரி படுக்கும்போது, இருளில் வெளிச்சம் தரச் சொல்லியும் அந்த இரவின் ஆபத்துகளிலிருந்து காக்கச் சொல்லியும் கேட்கிற மாலை ஜெபத்தை முணுமுணுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். அவளிடமிருந்து நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். அர்த்தம் யோசித்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாவ அறிக்கை சொல்லும்போது, முழங்காலில் நின்றபடியே என் வாய் நின்றுவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம், செய்யக் கூடாததைச் செய்தோம் என்று வருமே, அந்த இடம். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

தூத்துக்குடியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். குடோனில் சரக்கு குறைந்துபோனது. குடோன் பொறுப்பில் இருந்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்தவர், மதியம் தன் சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு வைப்பவர். அன்றைக்குச் சாயங்காலம் மேலிடத்துக்கு வேண்டிய ஒருவர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். விசாரணையில் எனக்கு நீட்டப்பட்ட வாக்குமூலம் முன்கூட்டியே டைப் செய்யப்பட்டிருந்தது. அன்று முழுவதும் சாவி அண்ணாச்சியிடமே இருந்தது என்பதற்கு நான் சாட்சி. அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். மூன்று பிரதி வைத்தார்கள், மூன்றிலும் போட்டேன். அண்ணாச்சிக்கு வேலை போனது. வரவேண்டிய பணமும் சரியாக வரவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டே சில வருஷம் ஓடியது. அப்புறம் ஒருநாள் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில், எனக்கு மூத்தவர் ஒருவர், பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சீர்திருத்தப் பிஷப்புகளான லாட்டிமரும் ரிட்லியும் ஆக்ஸ்போர்டில் எரிக்கப்பட்ட கதையைச் சொன்னார். அணைக்க முடியாத மெழுகுவர்த்தி ஒன்றை இன்று ஏற்றுகிறோம் என்று லாட்டிமர் சொன்னதாக வரும் கதை, ஞாயிறு பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே காலத்துப் பேராயர் கிரான்மரும் அங்கேதானே எரிக்கப்பட்டார் என்று நான் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "அவரா? ஆறு தடவை மறுதலிச்சு எழுதிக் கொடுத்தவர் தம்பி. எப்படியும் கொல்லத்தான் போறாங்கன்னு தெரிஞ்சப்புறம் கையைத் தீயில நீட்டினார். அதை என்ன வீரம்னு சொல்ல?" அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் அடங்கவே இல்லை. நான் வாய் நின்றுபோன அந்தப் பாவ அறிக்கை 1552ல் கிரான்மரின் பொறுப்பில் வந்த ஜெபப் புத்தகத்தில்தான் முதலில் இடம்பெற்றது. ஆச்சியின் மாலை ஜெபமும் லத்தீனிலிருந்து அவர் வழியாகத்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் மண்ணை மண்ணுக்கும் சாம்பலைச் சாம்பலுக்கும் தூளைத் தூளுக்கும் ஒப்புக்கொடுக்கிறோமே, அதுவும் 1549ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் இருக்கிறது. ஆச்சியை அந்த வார்த்தைகளோடுதான் அடக்கம் செய்தோம். இப்படிப்பட்ட வார்த்தைகளைத் தந்தவரைக் கோழை என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. தியாகி என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

பழகிப்போன கை

தாமஸ் கிரான்மர் புரட்சிக்காரராகப் பிறந்தவர் இல்லை. 1489ல் நாட்டிங்ஹாம்ஷயரில் அஸ்லாக்டன் என்ற கிராமத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் புத்தகங்களுக்கு நடுவே நாற்பது வயதைத் தொட்டவர். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்கு கேத்தரின் ராணியோடான திருமணத்தை ரத்து செய்ய வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் இறையியல் அறிஞர்களிடம் கருத்துக் கேட்கலாமே என்று 1529ல் ஒரு சாப்பாட்டு மேசையில் கிரான்மர் சொன்ன யோசனை அரசர் காதுக்குப் போனது. அதிலிருந்து அவர் வாழ்க்கை அவர் கையில் இல்லை. 1532ல் ஜெர்மனிக்குத் தூதராகப் போன இடத்தில், நியூரம்பர்க்கின் சீர்திருத்தப் போதகர் ஓசியாண்டர் வீட்டு உறவுப்பெண்ணான மார்கரெட்டை மணந்தார். குருமார்கள் மணம் செய்யக்கூடாத காலம் அது. அதே வருஷம் கான்டர்பரி பேராயர் இறந்துபோக, அந்த இடத்துக்கு வா என்று அரசர் கூப்பிட்டார். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவுக்கு ஒளித்துவைக்க வேண்டிய ஒரு மனைவி இருந்தாள்.

1533 மார்ச் 30ல் பேராயராகப் பொறுப்பேற்றபோது அவர் செய்ததை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வழக்கப்படி போப்புக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்வதற்கு முன்பே, கடவுளுடைய சட்டத்துக்கோ அரசருக்கோ விரோதமாக இந்தச் சத்தியம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று சாட்சிகள் முன்னால் ஓர் அறிவிப்பு செய்து பதிவு பண்ணிவிட்டு, அப்புறம் போய்ச் சத்தியம் செய்தார். வாய் ஒன்று சொல்லும், மனசு வேறொன்றை வைத்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் இருக்கும். சட்டப்படி அதில் பிழை இல்லையாம். நான் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இதே மாதிரிதான். எழுதியது அவர்கள், நான் வெறும் சாட்சி, உண்மை என்னவென்று கர்த்தருக்குத் தெரியும். முதல் தடவை இப்படி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டால், பிறகு கைக்கு அது பழகிப்போகும்.

அவருக்கும் பழகியது. பொறுப்பேற்ற இரண்டே மாதத்தில், மே 23 அன்று டன்ஸ்டபிளில் உட்கார்ந்து கேத்தரினின் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு எழுதினார். ஆன் போலின் ராணியானாள். மூன்று வருஷம் கழித்து அதே ஆன் போலின் கைதானபோது கிரான்மர் அரசருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது, தேதி 1536 மே 3. எந்தப் பெண்ணைப் பற்றியும் அவளைப் பற்றி வைத்திருந்ததைவிட நல்ல அபிப்பிராயம் எனக்கு இருந்ததில்லை என்று அதில் வரும். அந்த நேரத்தில் அப்படி எழுத வேறு யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆனால் அதே மூச்சில், குற்றம் இல்லாமல் மாட்சிமை தங்கிய தாங்கள் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டீர்கள் என்றும் எழுதுகிறார். ஒரே தாளில் ஒரு காலை முன்னால் வைத்து மறு காலைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். மே 17ல் அவள் திருமணமும் செல்லாது என்று அவரே அறிவித்தார். 19ஆம் தேதி அவள் தலை வெட்டப்பட்டது.

1539ல் குருமார் திருமணத்தைக் கடுமையாகத் தடுக்கும் ஆறு விதிகள் சட்டமானபோது, மார்கரெட்டை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார். தன் மனதுக்கே நெருக்கமாகிக்கொண்டிருந்த கருத்துக்களுக்காகச் சிலர் எரிக்கப்பட்டபோது விசாரித்த பக்கத்தில் இவர் இருந்தார். 1538ல் ஜான் லாம்பர்ட் எரிக்கப்பட்டது, நற்கருணை அப்பத்திலும் திராட்சரசத்திலும் கிறிஸ்துவின் உடல் உண்மையாகவே இருக்கிறது என்பதை மறுத்ததற்காக. பத்து வருஷம் கழித்து கிரான்மரே அந்தக் கருத்துக்கு வந்து சேர்ந்தார். தன் முடிவு நாளில் லாம்பர்ட் அவர் நினைவுக்கு வந்திருப்பாரா என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு.

அந்தக் காலத்தையும் சேர்த்துத்தான் அவர் தந்த வார்த்தைகளைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1547 ஜனவரியில் ஹென்றி சாகும்போது பேச முடியாமல் கிரான்மரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார் என்பார்கள். சிறுவன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில்தான் அவருக்கு நினைத்ததைச் செய்ய இடம் கிடைத்தது. அரசரும் குடியானவனும் ஒரே மொழியில், புரிகிற மொழியில் ஜெபிக்க ஒரே புத்தகம். 1549 ஜூன் 9 முதல் நாடு முழுக்க அதுதான் என்று சட்டம். அதையும் எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளவில்லை. எங்களில் சிலருக்கு இங்கிலீஷே தெரியாது, இது எங்களுக்கு வேண்டாம் என்று கார்ன்வால்காரர்கள் எழுந்தார்கள். உங்களில் இங்கிலீஷ் தெரிந்தவர்களைவிட லத்தீன் தெரிந்தவர்கள் அதிகமா என்று கிரான்மர் திருப்பிக் கேட்டார். படைகள் போய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. இந்தப் பதிலை என்னால் மன்னிக்க முடியவில்லை. சொந்த மொழியில் ஜெபிப்பதன் அருமை தெரிந்த மனிதர் இன்னொருவன் மொழியை அப்படித் தள்ளியிருக்கக் கூடாது.

பொக்கார்டோ

1553 ஜூலையில் எட்வர்ட் இறந்தான். கேத்தரினின் மகள் மேரி அரியணை ஏறினாள். தன் அம்மாவின் திருமணத்தை ரத்து செய்து தன்னை முறைகேடான பிள்ளையாக்கிய பேராயர் மேல் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. செப்டம்பரில் கிரான்மரை லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். அடுத்த மார்ச்சில் ரிட்லி, லாட்டிமரோடு ஆக்ஸ்போர்டுக்குக் கொண்டுபோய், ஊர் வாசலை ஒட்டியிருந்த பொக்கார்டோ சிறையில் போட்டார்கள். 1555 செப்டம்பரில் மதவிரோத விசாரணை நடந்தது. எண்பது நாளுக்குள் ரோமுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு, சிறைக்கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். அக்டோபர் 16ல் மற்ற இருவரையும் எரித்தபோது, அதைப் பார்க்க இவரைச் சிறையின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். லாட்டிமர் சீக்கிரம் செத்துப்போனார். ரிட்லியைச் சுற்றி விறகு சரியாக அடுக்கப்படாததால் தீ கீழேயே நின்று வெகுநேரம் வதைத்தது. கிரான்மர் அதைப் பார்த்தார்.

பயம் மட்டும்தான் அவரை எழுத வைத்தது என்று நான் நினைத்திருந்தேன். முதலில் எழுதியவற்றைப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. இருபது வருஷமாக அவர் நம்பியதும் போதித்ததும் ஒன்று: திருச்சபைக்கு இந்த நாட்டில் தலைமை அரசர்தான், கிறிஸ்தவ அரசருக்குக் கீழ்ப்படிவது கடவுளுக்குக் கீழ்ப்படிவது. போப்பை அவர் மறுத்ததற்கான காரணமே அதில்தான் ஊன்றியிருந்தது. இப்போது சட்டப்படியான அரசி, பாராளுமன்றத்தின் சம்மதத்தோடு, போப்பை ஏற்றுக்கொள் என்கிறாள். அரசிக்குக் கீழ்ப்படிந்தால் போப்பை ஏற்க வேண்டும். போப்பை மறுத்தால் அரசிக்குக் கீழ்ப்படியாதவன் ஆக வேண்டும். தான் கட்டிய வீட்டின் உத்திரமே தன் தலையில் விழுந்தது போல. மேரியின் கணவனான அரசனும் அரசியும் பாராளுமன்றமும் போப்பின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதால் நானும் அதற்குப் பணிகிறேன் என்றுதான் முதல் தாள் சொல்கிறது. மேலே இருப்பவர்கள் சொன்னால் செய்ய வேண்டும் என்று நம்பி வளர்ந்த எவருக்கும் இந்தப் பொறி தெரியும். மேலே இருப்பவர் நியாயம் செய்யும்வரை அது பொறி என்றே தெரியாது.

தனிமையும் சேர்ந்துகொண்டது. கூட இருந்த இருவரும் போய்விட்டார்கள். அவரோடு பேச வந்தவர்களில் முக்கியமானவர் ஜுவான் டி வில்யாகார்சியா என்ற ஸ்பானிய இளம் துறவி. நடுவில் கொஞ்ச காலம் சிறையிலிருந்து கிறிஸ்து சர்ச் கல்லூரித் தலைவரின் வீட்டுக்கு மாற்றி, நல்ல சாப்பாடும் மரியாதையும் கொடுத்து விவாதித்தார்கள். அறுபத்தாறு வயது. 1556 பிப்ரவரி 14ல் பேராயரின் உடையை ஒவ்வொன்றாக உடுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக உரித்து, தலைமயிரைக் கத்தரித்து அவமானப்படுத்தினார்கள். அந்த மாதக் கடைசியில் ஐந்தாவது தாள். சீர்திருத்தவாதிகளான லூத்தரும் ஸ்விங்லியும் போதித்ததையெல்லாம் வெறுத்து ஒதுக்குகிறேன், போப்பே கிறிஸ்துவின் பிரதிநிதி என்று எழுதியிருந்தது. அதன்படி அவரை விட்டிருக்க வேண்டும். மனந்திரும்பிய மதவிரோதியை எரிக்காமல் விடுவதுதான் திருச்சபைச் சட்டத்தின் வழக்கம். மேரி விடவில்லை. மார்ச் 18ல் ஆறாவது தாள். அதில் தன்னைப் பவுலைவிட மோசமாகத் திருச்சபையைத் துன்புறுத்தியவன் என்றும், கேத்தரினின் திருமணத்தை முறித்ததே எல்லாத் தீமைக்கும் வேர் என்றும் எழுதியிருந்தார்.

1556 மார்ச் 21

அன்றைக்கு மழை. எரிக்குமிடத்தில் நடக்க வேண்டிய பிரசங்கத்தைப் புனித மரியாள் கோயிலுக்குள் மாற்றினார்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு மேடை போட்டு கிரான்மரை அதில் நிறுத்தினார்கள். பிரசங்கம் செய்த கோல் என்பவர், மனந்திரும்பியவரை ஏன் எரிக்கிறோம் என்று விளக்கம் சொன்னார். பயப்பட வேண்டாம், உன் ஆத்துமாவுக்காக ஆக்ஸ்போர்டின் ஒவ்வொரு கோயிலிலும் பூசை வைக்கப்படும் என்று வாக்குக் கொடுத்தார். கிரான்மரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது என்று, அவர் பக்கம் சாராத ஒரு கத்தோலிக்கர் நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பிறகு கிரான்மர் பேச வேண்டிய முறை. பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தார்கள். ஜெபம் செய்தார். உலக ஆசை வேண்டாம், அரசிக்குக் கீழ்ப்படியுங்கள், ஒருவரையொருவர் நேசியுங்கள், பணக்காரர்கள் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் தாளில் இருந்தபடியே போனது.

அப்புறம் தாளை விட்டு விலகினார். என் வாழ்க்கையில் நான் சொன்ன, செய்த எல்லாவற்றையும்விட என் மனசாட்சியை அதிகமாகத் தொந்தரவு செய்கிற விஷயத்துக்கு வருகிறேன் என்றார். சத்தியத்துக்கு விரோதமாக, மரண பயத்தால், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து எழுதிக் கொடுத்த எல்லாவற்றையும் மறுக்கிறேன் என்றார். என் இருதயத்துக்கு விரோதமாக எழுதிக் குற்றம் செய்தது இந்தக் கை, ஆகவே தீயில் முதலில் இதுதான் தண்டனை பெறும் என்றார். போப்பை மறுத்தார். கூட்டம் கத்தியது, அவரை மேடையிலிருந்து இழுத்தார்கள். எரிக்கும் இடத்துக்கு அவர் அவ்வளவு வேகமாக நடந்தாராம். ரிட்லியும் லாட்டிமரும் எரிந்த அதே இடம். தீ எழுந்ததும் வலது கையை நீட்டி அதற்குள் வைத்தார். தகுதியில்லாத இந்த வலது கை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எப்படியும் சாவு நிச்சயம், அதனால் இழக்க அவருக்கு ஒன்றும் இல்லை என்று எங்கள் வாலிபர் கூட்டத்து அண்ணன் சொன்னதற்கு என்னால் இப்போது பதில் சொல்ல முடியும். இழக்க இருந்தது. மரியாதையான ஒரு சாவு இருந்தது. தாளில் இருந்ததை அப்படியே வாசித்திருந்தால், திரும்பி வந்த ஆடு என்று எல்லோரும் அழுதிருப்பார்கள், கோயில் கோயிலாக ஜெபித்திருப்பார்கள். அதைவிடப் பெரியது ஒன்றும் இருந்தது. ஆறு தாள்களில் எழுதியது ஒருவேளை உண்மையாக இருந்தால், அதை மறுத்துச் சாகிறவன் நரகத்துக்குப் போவான். பல மாதமாக இரண்டு பக்கமும் இழுக்கப்பட்ட மனிதருக்கு அது வெறும் பேச்சாக இருந்திருக்காது. இதையெல்லாம் தள்ளிவைத்தாலும், எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பழியை யார்மேல் வைத்தார் என்பது. மேரியை, கோலை, ஸ்பானியத் துறவியை, சிறையைச் சொல்லியிருக்கலாம். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். அவர் தன் கையைச் சொன்னார். டன்ஸ்டபிளில் எழுதியது, ஆன் போலின் விஷயத்தில் எழுதியது, லாம்பர்ட் வழக்கு, இவற்றையெல்லாம் அவர் அன்றைக்குச் சொல்லவில்லையே என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் எழுதியது நான் என்று நாடே கேட்கச் சொன்னார்.

மார்கரெட் அவருக்குப் பின்னும் வாழ்ந்தாள். முதல் ஜெபப் புத்தகத்தை அச்சிட்டவர்களில் ஒருவரான எட்வர்ட் விட்சர்ச்சைப் பிறகு மணந்துகொண்டாள். மேரி 1558ல் இறந்தாள், அடுத்த வருஷமே கிரான்மரின் 1552 புத்தகம் சில மாற்றங்களோடு திரும்ப வந்தது. கப்பலேறி மிஷனரிகளோடு எங்கள் பக்கம் வந்து, தமிழாகி, எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியின் வாய்க்குள் போய் உட்கார்ந்தது.

போன வருஷம் நான் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். திருச்செந்தூர் ரோட்டில் சின்னப் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, உள்ளே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, சாவி அன்னைக்கு உங்ககிட்ட இல்ல. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன். சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. எட்டு வருஷம் மனதுக்குள் அதை எத்தனையோ விதமாக நீட்டி நீட்டிப் பேசிப் பார்த்திருக்கிறேன், அப்பாவின் ஆபரேஷன், கடன் எல்லாம் சேர்த்து. அங்கே அதெல்லாம் வாயில் வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். ஒரு பஸ் போனது. "நீ பார்த்தது எனக்குத் தெரியும்லா தம்பி" என்றார். பிறகு எழுந்து போய், பில் போடுகிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சட்டைப் பையிலிருந்த பேனாவையும் சேர்த்து என் முன்னால் வைத்தார். "எழுதித் தாரியா? எம் மவ படிக்கணும். அவ இன்னமும் என்னைய ஒரு மாதிரிதான் பாக்கா."

ஸ்டூலில் தாளை வைத்து, நின்றுகொண்டே குனிந்து எழுதினேன். என் பெயர், அப்போது பார்த்த வேலை, சாவியை யார் வாங்கினார், நான் எங்கே நின்றேன், எதில் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு தாளைத் திரும்ப என்னிடம் நீட்டினார்.

"தேதி போடலியே."